அக்காவின் தோட்டத்தில் மண்டபம் வேண்டாம்

அக்காவின் கருமாதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நட்புகளே, வணக்கம். அழுது எழுதவேண்டிய பக்கம் இது. கோபத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் வாசியுங்கள்.

அக்கா தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தார். அடுப்புப் புகைக்குள் படித்தார், கண்டியில் ஆசிரியரானார், கவிதை எழுதினார். ‘கல்யாணம் ஆகலைன்னா இப்பிடித்தான்’ என்றார்கள் நம்மவர்கள். அக்கா சிரித்துவிட்டு அடுத்த கவிதைக்குப் போனார். பேராதனைக்கு மேலே, சரிவில், அவரும் நானும் சேர்ந்து வாங்கிய வீட்டுத் தோட்டத்தை அதன் போக்கில் விட்டார். உதிர்ந்த இலை உதிர்ந்த இடத்தில் கிடந்தது. உடைந்த தொட்டியில் தவளைகள் குடித்தனம் நடத்தின. வேலியெங்கும் ஆடுதீண்டாப்பாளைக் கொடி. அதன் இலையைத் தின்று தின்று புழுக்கள் வண்ணத்துப்பூச்சிகளாகிப் பறந்தன. விறாந்தையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் நாடகம் பழகினார்கள்.

‘பாம்பு வந்தா என்னக்கா செய்வ?’ என்று ஒருமுறை கேட்டேன்.

‘பயமா இருந்தா நீ கதவ சாத்திக்க. அதுக்கு ஏது கதவு?’

நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பெரிய மாமாவின் கையைப் பிடித்துச் சொன்னார்: ‘வீடு பாடுற, நடிக்கிற புள்ளைங்களுக்கு. தோட்டம் அப்பிடியே இருக்கட்டும் மாமா.’ மாமா தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

அடக்கம் முடிந்த சில நாளில், கருமாதிக்குச் சனம் வருமென்று மாமா சொந்தக்காரர்களைக் கூட்டித் தோட்டத்தைத் துப்புரவாக்கச் சிரமதானம் வைத்தார். நான் பூசைச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் புகை. கொடிகள் வேரோடு வெட்டப்பட்டு, புழுக்களோடு எரிந்துகொண்டிருந்தன.

‘என்ன மாமா இது?’

‘காடு மாதிரி கெடந்துச்சேப்பா, சனம் எங்க உக்காரும்? எலையெல்லாம் புழு, நோய் புடிச்ச கொடி. இப்பதான் வீடு மாதிரி இருக்கு.’

‘அப்பிடியே இருக்கட்டும்னு உங்ககிட்டதானே சொன்னாங்க?’

‘அப்பிடியேன்னா குப்பையோடவா? இந்த எடத்துல அவ பேருல ஒரு மண்டபம் கட்டுவோம். மார்பிள்ல படம் வச்சு!’

வியர்த்து, பிளேன்ரீ குடித்து, அன்போடுதான் வெட்டினார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. பகையாளி வெட்டியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். இருந்த காலத்தில் அவருடைய ஒரு வரியையும் வாசிக்காதவர்கள், இறந்தபின் சீமெந்தில் மரியாதை செய்ய வருகிறார்கள். சொல்லிவைக்கிறேன்: என் சம்மதமில்லாமல் அங்கே ஒரு கல்லும் வைக்க முடியாது. சம்மதிக்க மாட்டேன்.

‘மலர்ல இதெல்லாம் போடாத, சனம் என்ன பேசும்?’ என்றார் மாமா. பேசட்டும். அக்காவைப் பற்றி இத்தனை நாளும் பேசாததையும் சேர்த்துப் பேசட்டும்.

அக்காவின் வலி தெரிந்து மெல்லப் புரட்டிப் படுக்கவைத்த தாதிமாருக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும் எங்கள் நெஞ்சு நிறைந்த நன்றி. கத்தி கொண்டுவந்த உறவுகளுக்கும் நன்றி எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

வீட்டுச் சாவியை நாடகப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மாமா, கேட் உங்களுக்கும் திறந்தே இருக்கும். கத்தி இல்லாமல் வாங்க.