இஞ்சின் இல்லாமல் தேயிலைக்கு மேலே

எங்கள் வண்டிக்கு இஞ்சின் கிடையாது, ஹாரன் கிடையாது, ரிவர்ஸ் கியரும் கிடையாது. கிளம்பினால் இறங்கித்தான் ஆக வேண்டும். பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் போன வருஷங்களில், அப்பா வாங்கிப் போட்ட ஒரு ஏக்கரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குன்னூர் பக்கம் பாராகிளைடர் ஓட்டப் போனேன். மேலே துணி இறக்கை, கீழே நான், எனக்கு முன்னால் பெல்ட்டில் கட்டிய டூரிஸ்ட். மலை உச்சியில் ஓடிக் கிளம்பி, ஒரு எஸ்டேட்டைத் தாண்டி, அதன் ஃபேக்டரி மைதானத்தில் இறங்க வேண்டும்.

எஸ்டேட் மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார். செடி மேல் எவனாவது விழுந்தால் அன்றோடு மைதானத்துக்குப் பூட்டு. மைதானம் போனால் என் பிழைப்பும் போச்சு. டீசலை மிச்சம் பிடிக்கக் கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரலில் இறங்கிய மகாஜனங்களே, என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

ஈரக் கழிவு

டூரிஸ்டுகளை எடை போடுவது மாரப்பன் அண்ணன் வேலை. இருபது வருஷம் எஸ்டேட்டில், பெண்கள் பறித்துக் கூடையில் கொண்டுவரும் இலையை எடை போட்டு எழுதியவர். ஆட்குறைப்பில் எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் எழுதித் தரும் எடைக்குத் தகுந்த இறக்கையைத்தான் நான் எடுப்பேன்; லேசான ஆளுக்குச் சின்னது, கனத்த ஆளுக்குப் பெரியது. ஒரு வாரமாக இறக்கை படுவேகமாக வந்து, நின்று இறங்க வேண்டியவர்கள் எல்லாம் உட்கார்ந்து இறங்கினோம்.

சந்தேகப்பட்டு ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். தராசு தொண்ணூறு காட்டியது, அண்ணன் எண்பத்து மூன்று என்று எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு என்னைப் பாவமாகப் பார்த்தார். "காலைப் பனியில நனைஞ்சு வந்த ஆளுங்க. ஈரத்துக்கு நாலு, கூடைக்கு மூணு கழிக்காம எப்படிங்க எழுதறது?"

பத்து கிலோ டஸ்ட்

எதிர்காற்றில் லேசான ஆளைக் கட்டிக்கொண்டு போனால் இறக்கை முன்னேறாது. கனம் இருந்தால் வேகம் கூடும், போய்ச் சேரலாம். அப்படி ஒரு நாள் பார்த்து, நாற்பது கிலோகூடத் தேறாத காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். ஃபேக்டரியில் வாங்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்த டஸ்ட் டீயில் பத்து கிலோ மூட்டை ஒன்றை அவள் மடியில் வைத்துக் கட்டினேன்.

பாதி வழியில் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. பாரம் குறைந்தால் மிதக்கலாம் என்று தானாகவே முடிவு செய்து, மூட்டையை அவிழ்த்துவிட்டாள். கீழே இலை பறித்துக் கொண்டிருந்த பெண்கள் மேல் டீத்தூள் கொட்டியது. மைதானத்து வேலியைத் தொட்டும் தொடாமலும் இறங்கினோம். அந்தப் பெண்களில் ஒருவரான பந்தலூர்க்காரி செல்லம்மாக்கா தலைத்துணியை உதறிக்கொண்டே வந்தார். "விக்கலைன்னா விக்கலைன்னு சொல்லுங்க தம்பி. நாங்க பறிச்சத எங்க தலையிலயேவா கொட்டுறது?"

மேனேஜர் ரவுண்ட்ஸ்

ஒரு நாள் மேனேஜருக்கே பறக்க ஆசை வந்தது. கையை மார்போடு கட்டிக் காலைச் சேர்த்து வையுங்கள், காற்றுக்குக் குறுக்கே எதை நீட்டினாலும் தூரம் குறையும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், நிழல் மரத்தடியில் இரண்டு பேர் வெற்றிலை போட்டபடி உட்கார்ந்திருந்தது அவர் கண்ணில் பட்டது. கையையும் காலையும் வீசிக்கொண்டு மேலிருந்தே சத்தம் போட்டார். அவர்கள் நாலா பக்கமும் பார்த்தார்களே ஒழிய, மேலே பார்க்கவில்லை. எனக்கு உத்தரவு வந்தது, வண்டியைத் திருப்பு என்று.

ஒரு வட்டம் அடித்தால் எவ்வளவு உயரம் குறையும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்த வாய்க்கு, மேனேஜரிடம் மாட்டேன் என்று சொல்ல வராது. திருப்பினேன். அதன் பிறகு பிரேக் கயிற்றைத் தொடாமல், கையை உயரத் தூக்கி, தெரிந்த சாமியை எல்லாம் கும்பிட்டும், மைதானத்துக்கு நூறடி முன்னால் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் செடிகளை முறித்துக்கொண்டு விழுந்தோம்.

இரண்டு பேருக்கும் அடி இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு, முறிந்த செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூலிக்கு வழியில்லாமல் அந்த வருஷம் கவாத்து வெட்டவே இல்லை. செடிகள் வெட்டாமல் தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தன. ஓடி வந்த சூப்பர்வைசரிடம் நிதானமாகச் சொன்னார்: "ஏழாம் நம்பர்ல இன்னிக்குக் கவாத்து ஆரம்பிச்சாச்சுன்னு எழுதிக்கப்பா. இந்தத் தம்பி நாளைக்கும் வருவாரு."

இஞ்சின் இல்லாமல் அதிக தூரம் போக எனக்குத் தெரிந்த ஒரே வழி, விழுந்துதான் ஆக வேண்டுமென்றால் மேனேஜரை முன்னால் கட்டிக்கொண்டு விழுவது.