ரைஸ்மில்லிலிருந்து வந்த அலறல்

வலி ஏறினால் அவர் கைக்குக் கிடைத்ததை உடைப்பார். சோழவரம் பக்கத்து விவசாயி. மாடு முட்டித் தூக்கி எறிந்ததில் முதுகெலும்பு கெட்டுப்போயிருந்தது. ஆறுகிற வலியல்ல அது. பானைகள், அரிக்கேன் விளக்கு, ஒருமுறை மனைவியின் முன்பல் எல்லாம் அதற்குப் பலியாயின. பஸ்ஸில் குலுங்கித் திருவள்ளூர் வந்தால் இன்னும் மோசமாகும் என்பதால், செவ்வாய்க்கிழமைகளில் ஊர் ரைஸ்மில்லிலிருந்து எங்கள் நர்சிங் ஹோமுக்கு ஃபோன் செய்ய டாக்டர் ஏற்பாடு செய்தார். ஃபோனில் சிகிச்சை சொல்லிக்கொடுப்பது நர்சான என் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது.

மில் ஆபீஸ் தரையில் கோணி விரித்து மல்லாந்து படுப்பார். மனைவி ரிசீவரை அவர் காதில் பிடிப்பாள். காலை மடக்குவதையும் தவிட்டு ஒத்தடத்தையும் படிப்படியாகச் சொல்வேன். இடது இடுப்புக்கு மேல் ஓரிடத்தில் விரல் பட்டாலே துடிப்பார். அதைத் தொடாமல் ஒற்ற அவளுக்குப் பழக்கியிருந்தேன்.

லைன் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டும். அதனால் அவர் வலி மில்லில் மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களில் ஒருவன் பேசியது எனக்கே கேட்டது.

"இன்னா நைனா, நர்சம்மா ஃபோன்லயே முதுவு புடிச்சி வுடுதா? உனுக்கு மாடு தேவலாம்பா, நேருல வந்து முட்டிச்சி!"

சிரிப்பு. ரிசீவர் தரையில் மோதியது. தொடர்ந்து அடிகள். மனைவி ரிசீவரை எடுத்துக் கதறினாள்.

"அம்மா, மூட்டைக் கொக்கிய வச்சிக் குத்திக்கினே கீறாரு! அவன் கீய கெடக்குறான். ஒருத்தனும் கிட்ட போ மாட்றான். கயுத்துல எறக்கிடுவாரும்மா!"

"அந்த எடத்துல இடிங்க."

"எந்த எடம்?"

"ஒத்தடம் வைக்கக்கூடாதுன்னு சொன்னேனே, அங்க. முட்டியால ஓங்கி இடிங்க!"

நான் ரிசீவரைத் தள்ளிப் பிடித்தும், அவர் அலறியதில் எங்கள் பெஞ்சில் காத்திருந்த நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மூச்சிரைக்க ஃபோனுக்குத் திரும்பினாள். கொக்கியைப் பிடுங்கிவிட்டார்களாம். அடிபட்டவனுக்குக் கன்னம் கிழிந்து தொங்குகிறதாம், உயிர் இருக்கிறதாம். "இதோ, உங்கள கேக்குறாரு" என்றாள்.

"இடிக்கச் சொன்னது நீயா?"

"நான்தான்."

என் தாயில் ஆரம்பித்து என் தொழில் வரைக்கும் திட்டினார். கடைசியில் குரல் உடைந்தது.

"உசுரு போவுது. இப்ப இன்னா பண்ணட்டும்?"

"மல்லாந்து படுங்க" என்றேன்.