மதினி கையை எடுத்த நேரம்

மதினியை நினைத்தால் முகத்தைவிட முதலில் பாதங்கள்தான் எனக்கு ஞாபகம் வரும். அட்டை கடித்த தழும்பும் பனிவெடிப்புமாக, லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பின் சீமெந்துத் தரையில் அவை இரண்டும் அருகருகே பதிந்திருக்கும். ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதை வயிற்றிலும் வைத்தபடி, காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கூரைத் தகரத்தைப் பிய்த்துவிடுகிற மாதிரி மழை அடிக்கும். லயத்து ஆட்கள் அவரவர் வாசலில் நின்றிருப்பார்கள். மழையை யாரும் பார்ப்பதில்லை, பின்னால் நிற்கிற மலையையும் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் மதினி மேல் இருக்கும். அது ஏன் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் எழுதிப் பழகினவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் அட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி, லொறிக்காரர் வீடு எது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்து, பிறகு மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி, கடைசியில் அந்த லொறியையே வாங்கினவன் நான். கினிகத்தேனை வளைவுகளை நான் இறங்குகிற மாதிரி பிரேக்கில் கால் படாமல் இறங்க இன்றைக்குள்ள பையன்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேய், பிசாசு, அருள், ஆவேசம் என்று கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள் நான் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்வேன்.

மதினி என் அண்ணன் பெண்சாதி. நல்லதண்ணிக்குப் போகிற ரோட்டிலிருந்து மேலே ஏறினால் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் உச்சியில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த லயத்து வீட்டில்தான் நானும் பிறந்தேன், அண்ணனும் குடித்தனம் நடத்தினார். லயத்துக்கு முதுகு கொடுத்துக்கொண்டு மலை நின்றது. ஒரு மழைக்காலத்தில் பின்பக்கத்து வடிகால் கான் அடைத்துத் தண்ணீர் வீட்டுக் காம்பராவுக்குள் வர, அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மதினி டோர்ச் பிடித்து நின்றார். மண் வந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். டோர்ச் வெளிச்சம் அடித்த இடத்தில் இருந்த ஆள் இல்லை, வெளிச்சம் மட்டும் அங்கேயே இருந்தது என்று மதினி ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு மழை தகரத்தில் விழ ஆரம்பித்தால் மதினியின் உடம்பு நடுங்கும். குளிருக்கு நடுங்குகிற நடுக்கம் மாதிரி இருக்காது. முழங்காலில் தொடங்கி மேலே ஏறும். பல் கிட்டிக்கொள்ளும். பயந்த கோளாறு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள், கறுப்பு நூல் கட்டினார்கள், எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். நூல் நைந்து அறுந்ததுதான் மிச்சம். பிறகு ஒரு வருஷம், நடுக்கம் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்து மதினி இஸ்தோப்பில் விழுந்து புரண்டதைக் கண்டு பயந்துபோய், லயத்தில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட்டார்கள். விடியும்போது கடைசிக் காம்பராவின் பின்சுவரை மண் தள்ளியிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவ்வளவுதான், கதை மாறிவிட்டது. மதினிக்கு வந்தது கோளாறு இல்லை, மாரியாத்தா என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து அந்த லயத்துக்கு ஒரு வழக்கம் வந்தது. மழை வலுத்தால் மதினியைப் பார்ப்பார்கள். நடுங்கினால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டு மூட்டையைக் கட்டுவார்கள். நடுங்காவிட்டால் அடுப்பில் ரொட்டியைப் போடுவார்கள். “ரேடியோக்காரன் சொல்றது பொய்யாப் போகும், அக்கா ஒடம்பு சொல்றது பொய்யாப் போகாது” என்று இளவட்டங்கள் வேடிக்கை பேசிக்கொள்வார்கள். ஒரு பெண்பிள்ளையின் பயத்தை லயமே சேர்ந்து அபாயச் சங்காக ஊதிக்கொண்டிருந்தது. ஊதப்படுகிற சங்குக்கு வலிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது கண்டியிலிருந்து வந்த ஒரு மிஸ். மண்சரிவில் ஆள் இழந்த குடும்பங்களோடு பேசுவதற்காகத் தோட்டத்துக்கு வந்தவர், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்துப் பெண்களை உட்கார வைத்துச் சில பழக்கங்கள் சொல்லிக்கொடுத்தார். மருந்தும் மந்திரமும் இல்லாத காரியம். இரண்டு காலையும் தரையில் பதித்து, தரையின் குளிர்ச்சி எந்த விரலில் தெரிகிறது, குதிகாலில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தலையை மெதுவாகத் திருப்பி, கதவு எங்கே, ஜன்னல் எங்கே, பக்கத்தில் யார் என்று கண்ணுக்குக் காட்ட வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். பயம் உடம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் கையை வைத்துச் சும்மா இருக்க வேண்டும். விரட்டக் கூடாது, திட்டக் கூடாது. மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். மதினி சிரிக்கவில்லை. மிஸ் போன பிறகும் தினமும் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

எனக்குப் பிரஷர் ஏறி டாக்டர் பயமுறுத்திய காலத்தில், மதினி எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார். எதையும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிற மூளை எனக்கு. இதையும் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். மதினி என் காலைப் பார்த்துச் சிரித்தார். “ஒக்காந்திருக்கிறப்பவும் தம்பி கிளச்ச மிதிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்க” என்றார். உண்மைதான், இடது கால் தன்பாட்டில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. இப்படி உட்கார்ந்தால் பயம் போய்விடுமா என்று கேட்டேன்.

“போகாது தம்பி. மெரண்ட மாட்டுக் கழுத்துல கைய வச்சா நிக்கும் பாருங்க, அப்பிடி. அடிக்கவும் மாட்டேன், அவுத்தும் விட மாட்டேன். கை மட்டும் இருக்கும். அதுவும் நின்னுக்கிடும்.”

மாசக்கணக்கில் பழகி, மழையில் நடுங்காமல் உட்கார மதினி கற்றுக்கொண்டார். முகத்தில் சதை பிடித்தது. விதவையான பிறகு முதல் தடவையாக ஒரு தீபாவளிக்கு என் பிள்ளைகளோடு சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். ஆனால் லயத்தின் கணக்கு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. மதினி நடுங்கவில்லை, ஆகவே மலை நிற்கும். அவர் அமைதியாகிவிட்டார் என்பதையே அவர்கள் மலை அமைதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மதினிக்குத்தான் உறைத்தது. ஒரு தடவை வானம் கறுத்தபோது, “நான் நல்லா இருக்கிறது இவங்களுக்கு நல்லதில்ல தம்பி” என்றார். நான் அதை ஏதோ பேச்சு என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் அந்தப் பெருமழை. விடாமல் பெய்து, மலையில் தேயிலை வேர்கள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தன. லயத்துக்கு மேலே புதிதாக ஓர் ஊற்று கிளம்பி, பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. நான் மதினியைக் கூட்டிவரப் போனேன். ரோடு பாதி இல்லை. வேறு எவனாவது என்றால் திரும்பியிருப்பான். நான் என் வேனை மேல் லயம் வரைக்கும் ஏற்றிவிட்டேன். அப்போது பகல்தான், ஆனால் முகில் இறங்கி லைட் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. பறவைச் சத்தம் இல்லை. லயத்து நாய்கள் எல்லாம் எனக்கு எதிரே கீழ்நோக்கி இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

அங்கே கிராம சேவகர் நனைந்துபோய் நின்று, பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கள் என்றார். ஒருத்தரும் அசையவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. போன தடவை அவர் பேச்சைக் கேட்டு இறங்கியபோது மலை நின்றது, கோழிகள் காணாமல் போயின, பள்ளிக்கூடத் தரையில் படுத்த பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. தோட்டத் தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு மதினியைக் காட்டினார். மதினி பெட்டியில் உட்கார்ந்திருந்தார். கால்கள் தரையில், கைகள் நெஞ்சிலும் வயிற்றிலும்.

“தங்கச்சி செவனேன்னு ஒக்காந்திருக்கு. ஆத்தா வரல. மல எங்கயும் போகாது” என்றார் தலைவர்.

வேனில் ஏறுங்கள் என்று நான் மதினியைக் கூப்பிட்டேன். மதினி எழுந்திருக்கவில்லை. நான் ஏறிப் போய்விட்டால் இவர்கள் எதைப் பார்த்து இறங்குவார்கள் என்று மெதுவாகக் கேட்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“எனக்குப் பயமில்லன்னு யாருண்ணே சொன்னா? நெஞ்சு நெறயப் பயம் இருக்கு. நான் அது பக்கத்துல ஒக்காந்திருக்கேன், அவ்வளவுதான். பயத்துக்குப் பக்கத்துல ஒக்காரலாம். மலைக்குப் பக்கத்துல ஒக்காரக் கூடாது. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எறங்குங்க.”

தலைவர் சிரித்தார். “இது தங்கச்சி பேசுறது. ஆத்தா பேசட்டும், எறங்குறோம்.”

மதினி அவரைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். கதவு, ஜன்னல், பக்கத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண், நான், எல்லாவற்றையும் அந்த மிஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு நெஞ்சில் இருந்த கையை எடுத்தார். வயிற்றில் இருந்ததையும் எடுத்து இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்தார்.

முழங்காலில்தான் தொடங்கியது. உள்ளங்கால்கள் தரையை விட்டு எழும்பி எழும்பி அடித்தன. பெட்டி சாய்ந்தது. விழுந்த இடத்தில் அந்த உடம்பு கிடந்து அடித்துக்கொண்ட மாதிரி ஓர் உடம்பு அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம். தலைவர் குடையைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டு, போகவா ஆத்தா, போகவா என்று கேட்டார். பதில் சொல்கிற நிலையில் அங்கே ஆள் இல்லை. ஆனால் அதற்குள் பெண்கள் பிள்ளைகளைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

நடக்க முடியாதவர்களை நான் வேனில் ஏற்றி இறக்கினேன். அந்த வழுக்குப் பாதையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்க அட்டனில் வேறு எந்த டிரைவராலும் முடியாது, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மதினியைக் கடைசி நடையில் மடியில் போட்டுக்கொண்டு வந்தோம். எல்லாரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, தேநீருக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் மலை வந்தது. நிறைய லொறிகள் ஒரே நேரத்தில் கருங்கல் கொட்டுகிற மாதிரிச் சத்தம், நான் கேட்டுப் பழகிய சத்தம்தான், ஆனால் நிற்கவில்லை. முகில் விலகியபோது லயத்தின் நடுப்பாதி இருந்த இடத்தில் சிவப்பாக மண் இருந்தது. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் காம்பராக்கள் ஒன்றும் நடக்காததுபோல நின்றன. நம் ஆட்களில் ஒருவர்கூட அதற்குள் இல்லை.

தலைவர் மதினியின் காலில் விழுந்தார். மற்றவர்கள் கற்பூரத்துக்கு ஆள் அனுப்பினார்கள். மழை விட்டது. மதினிக்கு நடுக்கம் விடவில்லை. அடுத்த நாளும் விடவில்லை. ஆத்தா ஏன் இன்னும் மலையேறவில்லை என்று லயத்து ஆட்கள் என்னிடம் கேட்டார்கள். நான் மதினியிடமே கேட்டேன், ஆட்டத்தை நீங்களாகச் செய்தீர்களா என்று. கிட்டிய பல்லோடு சொன்னார்.

“நான் ஆட்டல தம்பி. கைய எடுத்துட்டேன். இப்ப வைக்கப் போனா மாடு அங்க இல்ல.”

அந்தக் கண்டி மிஸ்ஸைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தேன். ஆஸ்பத்திரியில் காட்டினேன். மதினியை என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மேல்மாடியில் அவருக்கென்று ஓர் அறை கட்டினேன். மற்றவர்கள் கூரைக்கு ஷீட் போட்டால் போதும் என்றார்கள். நான் கொங்கிறீட் தட்டுப் போட்டு, கதவு ஜன்னலெல்லாம் தேக்கில் இழைத்தேன். உள்ளே இருந்தால் மழை பெய்வதே கேட்காது. அட்டனில் அப்படி ஓர் அறை வேறு வீட்டில் இல்லை. அங்கே உட்கார்ந்து மதினி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். தரையின் குளிர்ச்சி எந்த விரலில் தெரிகிறது, குதிகாலில் எவ்வளவு பாரம் இருக்கிறது. முன்பு மாசக்கணக்கில் வந்தது, இந்தத் தடவை வருஷக்கணக்கு ஆகியும் வரவில்லை.

லயத்து ஆட்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டக் காணி தருவதாகச் சொன்னார்கள். இன்னும் தரவில்லை. பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் கிடப்பது? மிச்சம் நின்ற காம்பராக்களுக்கே திரும்பிப் போய், இரண்டு குடும்பம் மூன்று குடும்பமாக ஒன்றில் அடைந்து கிடக்கிறார்கள். மலை இன்னும் பாதிதான் இறங்கியிருக்கிறது. மீதி மேலே நிற்கிறது. மழை வலுத்தால் என் போன் அடிக்கும். தலைவர்தான். “மொதலாளி, ஒங்க மதினி எப்பிடி இருக்காங்க?” என்பார். நான் மேலே ஏறிப் போய்க் கதவைத் திறந்து பார்ப்பேன். நடுங்குகிறார் என்பேன். அவர்கள் இறங்குவார்கள்.

இன்றைக்குக் காலையிலிருந்து மழை. மத்தியானத்துக்குப் பிறகு போன் அடித்தது. பழக்கத்தில் மேலே ஏறிக் கதவைத் திறந்தேன். மதினி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்காலும் தரையில் பதிந்திருந்தன, ஒரு விரல்கூட ஆடவில்லை. கை நெஞ்சில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்த முகத்தில், அந்தத் தீபாவளிக்குப் பிறகு நான் காணாத ஒரு தெளிவு. எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். போனில் தலைவர், மதினி எப்பிடி இருக்காங்க, எப்பிடி இருக்காங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மதினி கையை எடுக்கவில்லை. “நடுங்குறேன்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் மட்டும் போனுக்குள் பெரிதாகக் கேட்டது. மதினியின் காதில் அது விழுந்துவிடாதபடி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினேன்.