எங்கள் அணியின் எதிராளி

என் அக்கா புருஷன் ஒரு பெரிய கால்பந்து அணியில் ஆட்டக்காரராக இருந்தார். சொன்னவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த மேட்ச்ல ஆடினார்?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சனிக்கிழமை மேட்சில் மாமாவை யாரும் பார்த்ததில்லை. அவர் வேலை மற்ற நாட்களில்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். எந்த அணியோடு மோதினாலும் அதில் ஒருத்தன் நமக்குத் தலைவலியாக இருப்பான். அவன் எப்படி ஓடுவான், எந்தப் பக்கம் போவதுபோல் ஏமாற்றுவான் என்று நம் ஆட்கள் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயிற்சியில் ஒருவர் அவனாக நிற்க வேண்டும். கையில்லாத மஞ்சள் பனியன் ஒன்றை மாட்டிக்கொண்டு மாமா நிற்பார். பனியனை எடுத்துக் கொடுப்பது நான். ஜெர்சி, பூட்ஸ், காலுறை என்று உடுப்பு அறை மொத்தமும் என் பொறுப்பு. அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் மாமாதான்.

அணியில் சேர்ந்த புதிதில் அவரும் கோல் அடிக்க வந்தவர்தான். ஒருநாள் கோச், எதிரணியில் ஒருத்தன் பந்தைத் தொடுமுன் இடது காலை லேசாக இழுத்து வைப்பதைச் சொல்லி, "யாராவது அப்படி ஓடிக் காட்டுங்கப்பா" என்றார். மாமா ஓடிக் காட்டினார். அசல் அவனேதான். அந்தச் சனிக்கிழமை நம் ஆட்கள் அவனைப் பெட்டிப்பாம்பாக அடக்கிவிட்டார்கள். கோச் மாமாவைத் தோளில் தட்டிக்கொடுத்தார். பாழாய்ப் போன அந்தத் தட்டுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பிறகு வாரா வாரம் அதே பிழைப்பு. ஓடுமுன் கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறவன் ஒரு வாரம், வலது பக்கம் பார்த்துக்கொண்டே இடது பக்கம் தட்டிவிடுகிறவன் மறு வாரம். பையன்கள் 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை என்று ஒருவன் சொன்னபோது துவைத்து வைத்திருந்த ஜெர்சியை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்தேன். மாமா சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

வீட்டிலும் அதே கூத்துதான். எதிராளியின் ஆட்டத்தை டிவியில் ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். கூடத்திலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் அவனாகவே நடந்து போவார். "எனக்கு வாரத்துக்கு ஒரு புருஷன்டா" என்பாள் அக்கா. "போன வாரம் வந்தவன் பரவால்ல, பாத்திரம் கழுவினான். இந்த வாரத்துக்காரன் சோம்பேறி." நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். "என் புருஷனை எப்படா மேட்ச்ல இறக்குவாங்க?" என்று என்னிடம் கேட்பாள், நான்தான் ஆட்களைப் பொறுக்குகிற மாதிரி.

ஐந்து வருஷம் இப்படியே போனது. பெயருக்கு ஆட்டக்காரர், நிஜத்தில் ஒப்புக்குச் சப்பாணி. ஒப்பந்தமும் முடியப்போகிற நேரம். கடைசி மேட்சுக்கு முன்னால் எங்கள் முன்வரிசைக்காரன் ஒருவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. இன்னொருவன் நடுவரை வாய்க்கு வந்தபடி பேசியதற்காக வெளியே உட்கார வேண்டியிருந்தது. கோச் மாமாவைக் கூப்பிட்டார். கோச்சைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் அன்றைக்கு நியாயமாகத்தான் பேசினார்.

"நாளைக்கு நீ இறங்குற. நல்லா ஆடினா அடுத்த வருஷமும் உன்ன ஆட்டக்காரனாவே வச்சுக்கறேன். யாரையும் நினைக்காத. உன் ஆட்டத்தை ஆடு, போதும்."

மறுநாள் உடுப்பு அறையில் மாமாவுக்குச் சொந்த நம்பர் போட்ட ஜெர்சியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"என் ஆட்டத்தை ஆடச் சொல்றார் மச்சான்."

"ஆடுங்க மாமா. யாரு வேண்டாம்னா?"

"ஆடணும்" என்றார்.

அக்கா பார்வையாளர் பக்கம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். பெருமையில் அவளுக்கு நாற்காலி கொள்ளவில்லை.

முதல் பாதி முழுக்க மாமாவுக்குப் பந்தே வரவில்லை. நான் கோட்டுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். ஐந்து வருஷமாக அவரிடமிருந்து பந்தைப் பிடுங்கித்தான் அவர்களுக்குப் பழக்கம். கொடுத்துப் பழக்கமே இல்லை. அவர் இடம் பார்த்து ஓடினாலும் அவர்கள் கண் அவரைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாம் பாதியில் பந்து கேட்டுக் கேட்டு அலுத்து, மாமா நம் கோல் பக்கமே இறங்கி வந்து ஒரு பந்தைப் பிடித்தார். பிடித்துத் திரும்பினார். திரும்பும்போது வலது தோளைத் தாழ்த்தி ஒரு குலுக்கு குலுக்கினார். அது எதிரணி முன்வரிசைக்காரனின் குலுக்கு. அந்த வாரம் முழுக்க மாமா அவனாகத்தான் நின்றிருந்தார்.

பின்வரிசையில் எங்கள் நெட்டையன் இருந்தான். அந்தக் குலுக்கைக் கண்டதும் பாய வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழகியவன். பாய்ந்துவிட்டான். சொந்த அணிக்காரன் காலுக்கடியிலிருந்து பந்தைச் சுத்தமாக உருவினான். மாமா குப்புற விழுந்தார். உருண்ட பந்தை எதிரணிக்காரன் அலுங்காமல் வலைக்குள் தட்டிவிட்டான். மைதானமே சிரித்தது. அத்தனை பேர் சேர்ந்து சிரித்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அக்கா சிரிக்கவில்லை. கோச் மாமாவை வெளியே கூப்பிட்டுக்கொண்டார்.

மேட்ச் முடிந்ததும் நெட்டையன் உடை மாற்றும் அறையில் மாமாவின் முன்னால் வந்து நின்று குழந்தை மாதிரி அழுதான்.

"தெரியலண்ணே, கால் தானா போயிடுச்சுண்ணே."

"விடு தம்பி. நல்லாத்தான் எடுத்த" என்றார் மாமா. "அப்படித்தான் எடுக்கணும்னு நான்தானே உனக்குப் பழக்கினேன்."

எனக்கு அவர்மேலேயே ஆத்திரம் வந்தது. நெட்டையனுக்கு ஒரு அறை விட்டிருக்கலாம். விட மாட்டார்.

ஆட்டக்காரராக இனி இடமில்லை, மஞ்சள் பனியனுக்கு மட்டும் வேண்டுமானால் வரட்டும் என்றார் கோச். முதல் தடவையாக மாமா முடியாது என்று சொன்னார். வேறு ஊரில், புள்ளிப் பட்டியலில் கடைசியில் கிடக்கும் ஒரு அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். அங்கேயும் பாதி நாள் பெஞ்ச்தான். இருந்தாலும் பெஞ்சில் ஆட்டக்காரராக உட்கார்ந்தார். அக்காவுக்கு அது போதும்.

அடுத்த வருஷம் அந்த அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. இந்தத் தடவை மாமா இறங்குகிறார் என்று செய்தியும் வந்தது. பயிற்சியில் கோச், "அவங்க முன்வரிசையில நம்ம ஜெராக்ஸ். யாராவது ஒருத்தர் அவனா நில்லுங்கப்பா" என்றார். நான் பனியனை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். "அவர் எப்படி ஆடுவாருன்னு..." என்று ஆரம்பித்த நெட்டையன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நானும் மனசுக்குள் தேடிப் பார்த்தேன். இழுத்து வைக்கிற கால் ஒருத்தனுடையது. கால்சட்டையை இழுத்துவிடுவது இன்னொருத்தன். தோள் குலுக்கு வேறொருத்தன். அத்தனை வருஷம் அவர் வீட்டில் சாப்பிட்டவன், எனக்கே தெரியவில்லை. கோச் என் கையிலிருந்த பனியனை வாங்கிக் கூடையில் போட்டார். "சரி விடுங்க, வேற பழகலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"என்னடா, உங்க ஆளுங்க என் புருஷனை நினைச்சுப் பயந்து கிடக்காங்களா?"

"பின்ன? இங்க அவர் பேச்சுதான்."

அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். "இந்தா, அவரே பேசணுமாம்."

"மச்சான்" என்றார் மாமா. "பயிற்சியில நானா யாரு நின்னது?"

"கேப்டன் மாமா" என்று ஒரு பொய்யைப் போட்டேன்.

"கேப்டனா!" அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷம். பிறகு அக்காவுக்குக் கேட்காத மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானா நின்னு எப்படி ஆடினார் மச்சான்? சொல்லேன்."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நல்லா ஆடினார் மாமா."

"அது சரி மச்சான். எப்படி?"