பிராங்க்ஃபர்ட்டிலிருந்து எண்பது நிமிடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நடந்த வீடு மேடவாக்கத்தில் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. மூன்றாவது மாடி.

மிருதுளாவின் கணவன் ஸ்ரீரங்கன் டொரோண்டோவில் வேலை பார்த்தான். பதினான்கு மாதம் கழித்து, போன ஜனவரியில் ஊருக்குக் கிளம்பினான். டொரோண்டோவிலிருந்து சென்னை பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி விமானம் மாற வேண்டும். அங்கிருந்தே இன்னும் ஒன்பதரை மணி நேரம் பறக்க வேண்டும்.

அன்று நம்ம ஊர் நேரப்படி பகல் 12.50. பிராங்க்ஃபர்ட் வந்துவிட்டதாக மெசேஜ் அனுப்பினான். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு வயது மகள் மேகாவுக்குச் சோறு ஊட்டும்போதும் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

2.10. காலிங் பெல் அடித்தது.

திறந்தாள். ஸ்ரீரங்கன் நின்றிருந்தான்.

முன்னாடியே வந்து இறங்கிவிட்டு, நம்மை ஏமாற்றத்தான் அந்த மெசேஜ் என்று நினைத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கையைப் பிடித்தாள். ஐஸாக இருந்தது.

பெட்டி எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறது என்றான். தண்ணீர் கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். குடிக்கவில்லை.

தினமும் வீடியோ காலில் அவனோடு கொஞ்சும் மேகா, அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா... இது யாரு?"

அவன் எழுந்து பெட்ரூமுக்குப் போனான். கதவு சாத்திக்கொண்டது. 'டக்'.

2.34. போன் அடித்தது.

ஸ்ரீரங்கன்.

"மிருது, இங்க ஒரே பனி. ஃப்ளைட் ஆறு மணி நேரம் லேட். சேர்லயே தூங்கிட்டேன்..."

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"பிராங்க்ஃபர்ட்லதான். ஏன்?"

பெட்ரூமுக்குள் இருமல் சத்தம்...

ஸ்ரீரங்கனின் இருமல்.

மேகாவைத் தூக்கினாள்.

ஓடினாள்.

செக்யூரிட்டியும் எதிர்வீட்டுத் தயாளனும் போய்ப் பார்த்தார்கள். உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. அவர்களே கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து, கீழே நின்றிருந்த மிருதுளாவிடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கன் பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். மிருதுளா மாடி ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். துணிமணி எடுத்து வர அவன் மட்டும் போனான். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தான். அன்றே தாம்பரத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஆபீஸில் இருவரையும் உட்காரவைத்து, மூன்றாவது மாடி கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அவர்கள் வீட்டு வாசல் தெளிவாகத் தெரிந்தது.

முதல் நாள் 2.10க்கு ஸ்ரீரங்கன் உள்ளே போகிறான். வெளியே வரவில்லை.

மறுநாள் 10.05க்கு ஸ்ரீரங்கன் உள்ளே போகிறான். 10.15க்கு ஒருவன் வெளியே வருகிறான்.

உள்ளே போனது இரண்டு ஸ்ரீரங்கன். வந்தது ஒருவன்.

அதற்குப் பிறகு அந்தக் கதவு திறக்கவே இல்லை.

மிருதுளா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில்தான் அவன் உட்கார்ந்திருந்தான்...