பியர் காய்ச்சும் இடத்தில் என் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

காலை 9.35. சுவிஸில், பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் கட்டட லிஃப்டுக்குள் கனகண்ணை நின்றார். எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருப்பவர், கோயில் சபையிலும் ஒருவர். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் எங்கே பயணம் என்று கேட்டார். மகளைப் பார்க்க என்றேன். அவவுக்கு எங்கே வேலை என்று அடுத்த கேள்வி.

"சாப்பாட்டுச் சாமான் சோதிக்கிற இடத்தில, அண்ணை."

ஒன்றரை வருடமாக எல்லோருக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன். உண்மை அதுவல்ல. என் மகள் தர்ஷினி பியர் காய்ச்சுகிறாள். நானோ தீட்சை கேட்டவன். மச்சம் மாமிசம் விட்டு இருபது வருடம். குடி ஒருநாளும் தொட்டதில்லை. இதை எந்த வாயால் கோயிலில் சொல்வது?

தன் வேலையிடத்தை வந்து பார்க்கச் சொல்லி நாலு முறை கேட்டாள். வேலை, தடிமன் காய்ச்சல், திருவிழா என்று நாலு முறையும் தப்பினேன். ஐந்தாம் முறை, எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, நான் மரக்கறி, அங்கே எனக்கு என்ன இருக்கப்போகிறது என்றேன். வெள்ளியே வாங்கோ அப்பா, மரக்கறி செய்து வைக்கிறன் என்றாள். அதோடு என் சாட்டெல்லாம் முடிந்தது.

10.10. பேர்ணில் ரயில் மாறினேன். அரைக்கட்டண அட்டையோடு போய்வர இருபத்துமூன்று பிராங். பீல் வரை அரை மணித்தியாலம். அங்கே அரை மணித்தியாலம் காத்திருந்து இன்னொரு ரயில், பத்து நிமிடம். வலது பக்கம் மலை, இடது பக்கம் ஏரி. மலை முழுக்கத் திராட்சைத் தோட்டம், படி படியாகக் கல்மதில் கட்டி ஏற்றியிருக்கிறார்கள். பழம் பிடுங்கி முடிந்து இலை மஞ்சளாகி நின்றது.

11.20. ட்வான் ஸ்டேஷனில் இறங்கினேன். ஒரு முதியவர் வெறும் பழக்கூடைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். பியர் காய்ச்சும் இடம் எது என்று ஜெர்மனில் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வைன் ஊருக்கு வந்து பியரைத் தேடும் ஆளை இன்றைக்குத்தான் காண்கிறேன் என்று சொல்லிச் சிரித்து, ஏரிக்கரையில் ஒரு ஓட்டுக் கட்டடத்தைக் காட்டினார்.

11.30. பியர் காய்ச்சும் இடத்தின் முன்பக்கம் ஒரு ரெஸ்ரோரன்ட், உள்ளே பத்துப் பன்னிரண்டு மேசை. பாணும் அப்பிள் ஜூஸும் எடுத்து, மகளுக்கு முகத்தைக் காட்டிவிட்டு ஒரு மணி ரயிலைப் பிடிப்பதுதான் என் திட்டம். பரிமாறும் பெண்ணிடம் மரக்கறி என்ன இருக்கிறது என்று கேட்டேன். பாணைத் தோய்த்துச் சாப்பிடும் உருக்கின சீஸ், ஃபொண்டூ என்றாள். அதற்குள் வைன் விடுவீர்களா என்றேன். விடாமல் எப்படி என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்டாள். பிறகுதான் என் நெற்றித் திருநீற்றைக் கண்டாள்.

"நீங்கள் தர்ஷியின் அப்பா! உங்கள் சாப்பாடு தனியாக இருக்கிறது."

சிறிய சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். கைபிடியில் வெள்ளை டேப் ஒட்டி, தமிழில் "அப்பா" என்று எழுதியிருந்தது. எங்கள் குசினியில் ஒருவருக்கும் இதை வாசிக்கத் தெரியாது, ஆனால் ஒரு கிழமையாக ஒருவரும் இந்தச் சட்டியில் வேறெதுவும் சமைக்கவில்லை, தொட்டால் தர்ஷி விடமாட்டாள் என்றாள் அந்தப் பெண்.

பூசணியும் பருப்பும் போட்டு அவித்த பார்லி. மெனுவில் இல்லாத சாப்பாடு. பியர், வைன், முட்டை ஒன்றும் இல்லை என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, சிவனை நினைத்துக் கண்ணை மூடி, வாயில் வைத்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு. பக்கத்தில் மகள் ஒரு பச்சை மிளகாய் வைத்திருந்தாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டேன்.

12.15. பின்பக்கக் கதவைத் திறந்தேன். ஆளை விட உயரமான, பியர் நிரப்பும் உருக்குத் தாங்கிகள் வரிசையாக நின்றன. சாராயக் கடை மணம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். வந்தது கஞ்சி மணம். என் பிள்ளை றப்பர்ச் சப்பாத்தும் முழங்கை வரை கையுறையும் போட்டு, சுடுதண்ணிக் குழாயோடு நின்றாள். நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு இருபத்துநாலு வருடமாகப் போடும் அதே உடுப்பு.

"முழுக்கக் கழுவலோ?" என்றேன்.

"பத்து மணித்தியாலத்தில எட்டு கழுவல்தான் அப்பா. ஊத்தை இருந்தா எல்லாம் புளிச்சுப் போகும்."

தூர மூலையில் தொடங்கி, கழுவின இடத்தைத் திரும்ப மிதிக்காமல், தண்ணி இறங்கும் ஓட்டையை நோக்கிப் பின்னுக்கு வந்தாள். பதினாறு வயதில் கோடை லீவுக்கு மூன்று கிழமை என்னோடு வேலைக்கு வந்தவள். அப்போது பார்த்துப் பிடித்ததை இன்னும் விடவில்லை. நான் தாங்கியின் அடியில், குழாய் பொருந்தும் வளையத்துக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். புது ஆட்கள் எப்போதும் விட்டுவிடும் இடம் அது. விரல் சுத்தமாக வந்தது.

"பாஸோ?" என்றாள்.

"பாஸ்."

"அம்மாவும் போன மாசம் இந்த இடத்தைத்தான் தடவிப் பார்த்தவ."

அம்மா இங்கே வந்த கதை எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாவாம்.

பியர் நல்ல சாமான் என்று நான் எழுதவில்லை. குடிக்கிற வீடுகள் படும் பாட்டைப் பார்த்தவன் நான். அதை அவளிடமும் சொன்னேன். தெரியும் அப்பா என்றாள். ஆனால் ஒன்றரை வருடமாக நான் ஒளித்து வைத்தது அந்தப் பியரை அல்ல, இந்தப் பிள்ளையை. ஒரு மணி ரயில் போய்விட்டது. அடுத்ததையும் விட்டேன்.

புறப்படும்போது, சாறு வடித்த பார்லிச் சக்கையில் சுட்ட பாண் இரண்டு தந்தாள். ரயிலில் மடியில் வைத்திருந்தேன், சூடு பேர்ண் வரை இருந்தது.

மாலை 4.40. லிஃப்டில் என் மாடிக்கு இரண்டு மாடி கீழேயே இறங்கி மணியை அடித்தேன். கனகண்ணை சாரம் கட்டினபடியே கதவைத் திறந்தார். ஒரு பாணை நீட்டினேன்.

"மகளின்ரை இடத்துப் பாண், அண்ணை. அவ பியர் காய்ச்சிறவ. காலமை உங்களுக்குப் பொய் சொன்னனான்."

பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணந்தார்.

"முட்டை போட்டதோ?"

"இல்லை. கேட்டுத்தான் கொண்டுவந்தனான்."

"அப்ப உள்ள வாரும்" என்று சொல்லிவிட்டுக் கத்தி எடுக்கப் போனார்.