அக்காவுக்கு ஒரு தாய்மாமன்

பெரம்பலூரில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் டிவி இருந்தது. இருந்தும் சனிக்கிழமை சாயங்காலம் அந்த நாடகம் போடும் நேரத்துக்கு நாலு பெண்களாவது எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றியது, வாய் ஒரு பக்கம் போகும், வசனம் ஒரு பக்கம் போகும். விவாகரத்து வாங்கி மனைவியைத் தீர்த்துவிட்ட ஒருத்தர், புருஷனைத் தீர்த்துவிட்ட ஒருத்தியைக் கட்டிக்கொள்வார். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் அடித்துக்கொள்வார்கள். யாரென்றே தெரியாத ஆட்கள் பின்னாலிருந்து கொல்லென்று சிரிப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதையும் அதேதான். அரியலூர் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வந்த அம்மா, கரண்ட் ஆபீசில் வேலை பார்த்த ஒருத்தரைக் கட்டிக்கொண்டாள். அவருக்கு ஏற்கெனவே ஒரு மகள், பதின்மூன்று வயது. அம்மாவுக்கு நான், ஒன்பது வயது. அவரை அப்பா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, சார் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அதற்கு 'என்னம்மா' என்பார். நாடகத்தில் மூத்த பெண் கதவை அறைந்து சாத்தினால் வந்திருக்கும் பெண்கள் அக்காவைத் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னது ஏதாவது திருட்டுத்தனம் பண்ணினால் என்னைப் பார்ப்பார்கள். அக்காவுக்கு அந்த நாடகத்தைக் கண்டாலே எரிச்சல். எனக்கோ உயிர். வாரா வாரம் அந்தச் சின்னது ஒரு பொய் சொல்லும், அரை மணி நேரத்தில் அந்தப் பொய்யாலேயே எல்லாம் நல்லபடியாக முடிந்து எல்லாரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரிப்பார்கள். உலகம் அப்படித்தான் நடக்கிறது என்று நான் நம்பியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வயசுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு தண்ணீர் ஊற்றுவது என்று முடிவானது. அதுவரை அவளை உள்ளறை மூலையில் தனிப் பாயும் தனித் தட்டுமாக உட்கார வைத்தார்கள். எல்லாம் சரி, தாய்மாமன் யார்? மாமன் சீர் வைத்து மாலை போடாமல் மணையில் உட்கார்ந்து என்ன பிரயோசனம்? அக்காவைப் பெற்றவளுக்கு உடையார்பாளையம் பக்கம் இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். சார் நேரில் போய்க் கூப்பிட்டார். "தங்கச்சிய வேணாம்னு விட்ட வூட்டு வாசலை நாங்க மிதிக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா மூலையிலிருந்தே சொன்னாள். "எனக்கு ஒண்ணும் தண்ணி ஊத்த வேணாம். தெருவே வந்து பாத்து சிரிக்கிறதுக்கா? நான் மணையில உக்கார மாட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. நாங்கள் அடித்துக்கொள்வோம்தான், அதற்காக இன்னொருத்தர் அவளை அழவைப்பதா?

எனக்கு ஒரு மாமா இருந்தார், அம்மாவின் தம்பி. எறையூரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். "தீத்துக்கிட்டு வந்தது போதாதா, இன்னொரு கல்யாணம் எதுக்கு?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனவர், ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மாவும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. அக்காவுக்காக வா என்றால் அவர் வர மாட்டார். ஆனால் எனக்கு என்றால்? சொந்த அக்கா மகளுக்குச் சீர் வைக்காமல் எந்த மாமனால் இருக்க முடியும்? நாடகத்துச் சின்னது என் தலைக்குள் உட்கார்ந்து யோசனை சொன்னது.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காசு போட்டுப் பேசும் காயின் பாக்ஸில் மாமா வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பரைப் போட்டேன். கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"மாமா, நான் வயசுக்கு வந்துட்டேன். ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறாங்க. நீங்க சீரோட வரணும்."



"எங்கேர்ந்து பேசுற?"

"பஸ் ஸ்டாண்டு காயின் பாக்ஸுங்க மாமா."

"தனியாவா வந்த?"

"ஆமா மாமா. ஸ்கூல் வுட்டு வந்தேன்."

 "சரி, வையி" என்று சொல்லி மாமா டக்கென்று ஃபோனை வைத்துவிட்டார். சீருக்கு ஏற்பாடு பண்ணத்தான் மாமா இப்படி அவசரப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குக் குதித்துக்கொண்டே வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சார் கெஞ்சியதற்காக அக்கா மணையில் உட்கார்ந்தாள். பந்தல் நிறையப் பெண்கள். "மாமன் வரலியா?" என்று ஒருத்தி காதைக் கடிக்க, அவள் அடுத்தவள் காதைக் கடித்தாள். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. அப்போது தெருமுனையில் டிராக்டர் சத்தமும் அதற்கு மேலே மேளச் சத்தமும் கேட்டன. கரும்பு ஏற்றும் டிரெய்லரைக் கழுவி, மாவிலை கட்டி, அதில் ஆலை ஆட்கள் ஆளுக்கொரு சீர்த்தட்டோடு நின்றார்கள். பதினேழு தட்டு, நான் இரண்டு தடவை எண்ணினேன். எண்ணி முடித்த பிறகுதான் பயம் வந்தது. கவுன் போட்டுக்கொண்டு இப்படி நிற்கும் என்னைப் பார்த்தால் என்ன ஆகும்? தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மாமா இறங்கி வந்தார். டிரம்மைத் தாண்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நேரே அம்மா முன்னால் போய் நின்றார்.

"என்னக்கா, தட்டை வாங்கு. கை கடுக்குதுல்ல."

அம்மா வாங்கினாள். பிடுங்குகிற மாதிரி வாங்கிய வேகத்தில் தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்தது. பந்தலில் இருந்த ஒரு பெண்ணால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, இது அவுரோட மூத்த தாரத்துப் புள்ளப்பா" என்றாள்.

"எங்கக்கா வூட்டுல இருக்கிற புள்ள எங்கக்கா புள்ளதாங்க" என்றார் மாமா. சொல்லிக்கொண்டே மாலையை அக்கா கழுத்தில் போட்டார். மேளக்காரர்கள் பிளந்து கட்டினார்கள். அக்கா நிமிர்ந்து தெருவையே ஒரு சுற்றுப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்குப் பிறகு அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரியாகத்தான் இருந்த பந்தல் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். நான் டிரம்முக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து மூன்று லட்டு தின்றேன்.

மாமாவை நான் ஏமாற்றிவிட்டேன், மானத்துக்குப் பயந்துதான் அவர் சமாளித்தார் என்று அக்காவிடம் மட்டும் ரகசியமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எங்கள் நாடகத்துக்கு முன்னால் டிவி நாடகமெல்லாம் எந்த மூலைக்கு என்று ஒரே கர்வம்.

நாலு வருஷம் கழித்து என் முறை வந்தது. அதே உள்ளறை மூலை, தனிப் பாய், தனித் தட்டு. வாசற்படியைக்கூடத் தாண்ட விடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வயசுக்கு வந்த பெண் எந்த ஊரில் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று ஃபோன் பண்ணுவாள்? அக்கா கண்ணெதிரே மூலையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது உறைக்கவில்லையே.

சீர் கொண்டுவந்த மாமாவிடம், "அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"காயின் பாக்ஸுன்னு சொன்னப்பவே தெரியும். மறுநாளே ஆள் வச்சு விசாரிச்சுட்டேன், பெரியவதான்னு."

"அப்பறம் ஏன் மாமா வந்தீங்க?"

மாமா வாசலில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப ஒன்றர வருஷமா டவுனுக்கு வர்றப்பல்லாம் உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். உள்ள வர்றதுக்கு ஒரு சாக்கு கெடைக்கல. நீதான் குடுத்த."